குறைந்த மின்செலவு வயர்லெஸ் வலையமைப்புகளில் பரப்புத் திறனைச் சரியாக அமைப்பது எப்படி?

பேட்டரியில் இயங்கும் சென்சார் கணுக்களை (வலையமைப்பில் இணைந்த சிறு கருவிகளை) வடிவமைப்பவர்கள் முதலில் கைவைக்கும் அமைப்புகளில் ஒன்று, டிரான்ஸ்மிட் பவர் எனப்படும் ரேடியோவின் பரப்புத் திறன். அதைக் குறைத்தால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும், கூட்டினால் இணைப்பு உறுதியாகும் என்று பொதுவாக நம்பப்படுகிறது. இரண்டுமே பாதி உண்மைகள்தாம். ஒரு பாக்கெட்டை, அதாவது ஒரு தரவுப் பொதியை, அனுப்ப எவ்வளவு செலவானது என்பதை விட, மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மொத்தமாக எவ்வளவு ஆற்றல் செலவானது என்பதே நாம் பார்க்க வேண்டிய கணக்கு. பரப்புத் திறனைப் பற்றிய எல்லா முடிவுகளையும் அந்த ஓர் அளவுகோலில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

திறனில் கைவைக்கும் முன் ஆற்றல் கணக்கு

ஐஇஇஇ 802.15.4 எனப்படும் குறைந்த மின்செலவு ரேடியோ தரநிலையைப் பின்பற்றும் வலையமைப்புகளில் நெடுங்காலம் புழங்கிய சிசி2420 ரேடியோவை எடுத்துக்கொள்வோம். அது 0 டிபிஎம் அளவில், அதாவது 1 மில்லிவாட் திறனில் (டிபிஎம் என்பது 1 மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெல்லில் சொல்லும் அளவு) அனுப்பும்போது 17.4 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. எதையும் அனுப்பாமல் காதைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதோ 18.8 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. அனுப்புவதைவிடக் கேட்பதற்குத்தான் செலவு அதிகம் என்ற இந்த ஒரு செய்தியே பலருடைய திட்டங்களை மாற்றிவிடும்.

இந்தச் சிப்பைக் கொண்ட ஒரு கணு நிமிடத்துக்கு ஒரு முழு நீளப் பாக்கெட்டை அனுப்புகிறது என்று கொள்வோம். வினாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் 127 பைட் பாக்கெட்டும் அதன் முன்னொட்டும் வெளியேற 4.26 மில்லி வினாடி ஆகும். 3 வோல்ட் பேட்டரியில் அதற்கான செலவு ஏறத்தாழ 222 மைக்ரோஜூல். அதே கணு நூற்றில் ஒரு பங்கு நேரம் ரேடியோவைத் திறந்து வைத்திருந்தால், நிமிடத்துக்கு 600 மில்லி வினாடி கேட்பதாகும், அதற்கு 33.8 மில்லிஜூல் ஆகும். அனுப்புவதற்கு ஆனதைப் போல் 150 மடங்கு! இப்படிப்பட்ட கணுவில் பரப்புத் திறனை அடியோடு குறைத்தாலும் பேட்டரியின் ஆயுளில் வித்தியாசம் தெரியாது. அங்கே சரிசெய்ய வேண்டியது கேட்கும் நேரத்தை.

ஆனால் எல்லா நெறிமுறைகளும் இப்படி இல்லை. பெறுநர் அவ்வப்போது மட்டும் விழித்துப் பார்க்க, அனுப்புநர் அந்த விழிப்பு இடைவெளி முழுவதும் அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும் முறைகள் உண்டு. வினாடிக்கு 8 முறை விழிக்கும் கான்டிகிமேக் அவற்றில் ஒன்று. அங்கே ஒரு பாக்கெட்டுக்கான அனுப்பு நேரம் 4 மில்லி வினாடியிலிருந்து 125 மில்லி வினாடி வரை நீளக்கூடும் என்பதால், பரப்புத் திறனில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு மில்லி ஆம்பியருக்கும் மதிப்பு உண்டு. ஆகவே, உங்கள் கணு ஒரு நாளில் எவ்வளவு நேரம் அனுப்புகிறது, எவ்வளவு நேரம் கேட்கிறது, எவ்வளவு நேரம் உறங்குகிறது என்று மூன்றையும் அளந்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய மின்னோட்டத்தால் பெருக்கிப் பாருங்கள். அனுப்புவதன் பங்கு மிகச் சிறியதாக இருந்தால், மின்செலவுக்காகத் திறனைக் குறைக்க மெனக்கெட வேண்டாம். அண்டைக் கணுக்களுக்குக் குறுக்கீடு செய்யாமல் இருப்பதற்காகக் குறைக்கலாம், அது வேறு காரணம்.

தரவுத்தாள் சொல்வது என்ன?

காற்றில் வெளிப்படும் திறன் குறையும் அதே விகிதத்தில் மின்னோட்டம் குறைவதில்லை. சிசி2420 சிப்பை 0 டிபிஎம் அளவிலிருந்து −25 டிபிஎம் அளவுக்கு இறக்கினால், வெளிப்படும் திறன் 300 மடங்குக்கு மேல் குறைகிறது, மின்னோட்டமோ 17.4 மில்லி ஆம்பியரிலிருந்து 8.5 வரைதான் இறங்குகிறது. அலைவெண்ணை உருவாக்கும் பகுதி, கடிகாரம், மாடுலேட்டர் ஆகியவை எந்த நிலையிலும் தங்கள் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்வதே இதற்குக் காரணம். புளூடூத் கருவிகளில் பரவலாக உள்ள என்ஆர்எஃப்52832 சிப்பிலும் இதே கதைதான்: டிசி-டிசி மாற்றியுடன் 3 வோல்ட்டில், +4 டிபிஎம்முக்கு 7.5, 0 டிபிஎம்முக்கு 5.3, −20 டிபிஎம்முக்கு 3.2 மில்லி ஆம்பியர். +4 இலிருந்து 0 வுக்கு இறங்குவதில் கிடைக்கும் லாபம், 0 இலிருந்து −20 வரை இறங்கினால் கிடைக்கும் மொத்த லாபத்தைவிடவே சற்றுக் கூடுதல் என்பதைக் கவனியுங்கள்.

ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்கும் நெடுந்தூர ரேடியோக்களில் நிலைமை வேறு. எஸ்எக்ஸ்1276 சிப் +7 டிபிஎம்முக்கு 20, +13 டிபிஎம்முக்கு 29, +17 டிபிஎம்முக்கு 87, +20 டிபிஎம்முக்கு 120 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. 13 இலிருந்து 17 க்கு ஏறும்போது மின்னோட்டம் மூன்று மடங்காவதற்குக் காரணம், அங்கே வேறொரு பெருக்கி வேலைக்கு வருவதுதான். இப்படிப் படிக்கட்டில் திடீரென்று உயரும் இடம் எது என்று உங்கள் சிப்பின் தரவுத்தாளில் தேடிப் பிடித்து, முடிந்தவரை அதற்குக் கீழேயே நின்றுகொள்வது நல்லது. அந்த இடத்துக்குக் கீழே எவ்வளவு பாடுபட்டாலும் பலன் கொஞ்சம்தான்.

குறைத்ததால் செலவு கூடுவது எப்போது?

மேலே சொன்ன சிசி2420 கணுவையே −10 டிபிஎம்முக்கு இறக்குவோம். மின்னோட்டம் 11.2 மில்லி ஆம்பியர் ஆகிறது. ஒரு பாக்கெட்டின் செலவு 222 மைக்ரோஜூலிலிருந்து 143 ஆகக் குறைகிறது. இத்தோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறை அனுப்பிய பிறகும், பாக்கெட் கிடைத்தது என்று பெறுநர் அனுப்பும் ஒப்புகைக்காக 864 மைக்ரோ வினாடி வரை காத்திருக்க வேண்டும். அதற்கு 49 மைக்ரோஜூல் ஆகும். ஆக, முழுத் திறனில் ஒரு முயற்சிக்கு 271, குறைத்த திறனில் 192. முழுத் திறனில் பாக்கெட்டுகள் அனைத்தும் போய்ச் சேர்கின்றன, குறைத்த திறனில் நூற்றுக்கு 60 தான் போய்ச் சேர்கின்றன என்றால், வெற்றிகரமான ஒரு பாக்கெட்டுக்குச் சராசரியாக 1.67 முயற்சிகள் தேவை, செலவு 320 மைக்ரோஜூல். சேர்ப்பு விகிதம், அதாவது அனுப்பியதில் போய்ச் சேரும் பங்கு, ஏறத்தாழ 71 சதவீதத்துக்குக் கீழே போன கணத்திலேயே குறைத்ததன் லாபம் முழுவதும் கரைந்து, நட்டம் தொடங்கிவிடுகிறது. மறுஅனுப்பலால் மற்றவர்களுக்கு ஏற்படும் மோதலையும், பெறுநர் கூடுதலாக விழித்திருக்கும் நேரத்தையும் இதில் சேர்க்கவே இல்லை.

திறனைக் குறைத்து, ஒரு நீண்ட தாவலை (ஒரு கணுவிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாக அனுப்புவதை), இடையில் ஒரு கணுவை வைத்து இரண்டு குறுகிய தாவல்களாக உடைத்தால் மிச்சமாகும் என்ற எண்ணமும் இதே கணக்கில் அடிபட்டுப் போகிறது. அனுப்புவது, பெறுவது இரண்டையும் சேர்த்தால் 0 டிபிஎம்மில் ஒரே தாவலுக்கு 222 உடன் 240 சேர்ந்து 462 மைக்ரோஜூல். −10 டிபிஎம்மில் இரண்டு தாவல்களுக்கு 766. கேட்பதற்கான செலவு அனுப்புவதற்கு நிகராக இருக்கும் ரேடியோக்களில், தாவல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே பெரும்பாலும் சிக்கனம்.

இணைப்பை அளக்கும் முறை

வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துத் திறனை முடிவு செய்ய முடியாது. தொடக்க மதிப்பீட்டுக்கு மட்டும் அது உதவும். 2.4 கிகாஹெர்ட்ஸில் முதல் மீட்டரிலேயே 40 டெசிபெல் போய்விடும். அதற்கப்பால் திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது 6 டெசிபெல்லும், சுவர்கள் நிறைந்த கட்டடத்துக்குள் 9 முதல் 12 டெசிபெல்லும் இழப்பு கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டடத்துக்குள் 30 மீட்டர் என்றால், இழப்பு அடுக்கெண் 3 (தூரம் இரட்டிப்பாகும்போது 9 டெசிபெல் இழப்பு) என்ற அனுமானத்தில் மொத்தம் 84 டெசிபெல் இழப்பு. 0 டிபிஎம்மில் அனுப்பியது −84 டிபிஎம்மில் வந்து சேரும். பெறுநரின் உணர்திறன், அதாவது அதனால் பெற முடிந்த மிகக் குறைந்த அளவு, −95 டிபிஎம் என்றால் கையில் இருக்கும் காப்பு, அதாவது உபரி, 11 டெசிபெல்தான். கதவு ஒன்று சாத்தப்படுவதற்கும், நடுவில் ஓர் ஆள் வந்து நிற்பதற்கும் அது போதலாம். இரண்டும் சேர்ந்து நேர்ந்தால் போதாமல் போகலாம்.

அதன் பிறகு களத்தில் அளக்க வேண்டும். ஒவ்வொரு திறன் நிலையிலும் நூறு பாக்கெட்டுகளை எண்ணிட்டு அனுப்பி, மறுமுனையில் எத்தனை வந்தன, வந்தவற்றின் ஆர்எஸ்எஸ்ஐ (பெறுநர் அளக்கும் சிக்னல் வலிமை) என்ன, எந்தத் திறன் நிலையில் அனுப்பப்பட்டவை என்ற மூன்றையும் பதிவு செய்யுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: வந்து சேர்ந்த பாக்கெட்டுகளுக்கு மட்டுமே ஆர்எஸ்எஸ்ஐ கிடைக்கும். தொலைந்தவை கணக்கில் வருவதில்லை என்பதால், மோசமான இணைப்பின் சராசரி எப்போதும் உண்மையைவிட நன்றாகவே தோன்றும். சேர்ப்பு விகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஆர்எஸ்எஸ்ஐயைத் தனியாக நம்பக் கூடாது.

இரு திசைகளிலும் அளப்பது கட்டாயம். கணுக்களின் தரவைத் திரட்டி வெளியே அனுப்பும் கேட்வேயில் பெருக்கியும் நல்ல ஆண்டெனாவும் இருக்கும்; அதன் குரல் கணுவுக்குத் தெளிவாகக் கேட்கும். கணுவின் குரல் கேட்வேக்கு எட்டுகிறதா என்பது வேறு கேள்வி. சிப்புக்குச் சிப்பு ஆர்எஸ்எஸ்ஐ அளவீடும் மாறும்: சிசி2420 தரவுத்தாளே அதன் துல்லியத்தை ±6 டெசிபெல் என்றுதான் சொல்கிறது. ஒரு கணுவில் கண்டுபிடித்த எல்லை மதிப்பை எல்லாக் கணுக்களிலும் அப்படியே எழுதிவிடுவது சரியாகாது.

பின்புல இரைச்சலையும் அதே இடத்தில், வைஃபை போக்குவரத்து அதிகமுள்ள நேரத்தில் அளந்து கொள்ளுங்கள். −85 டிபிஎம்மில் வரும் சிக்னல், இரைச்சல் −98 இல் இருக்கும் இடத்தில் நல்ல சிக்னல். இரைச்சல் −88 இல் இருக்கும் இடத்தில் அது எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும்.

கணுவைப் பொருத்தும்போதே செய்யக்கூடிய ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளியில் ஆண்டெனா மாட்டிக்கொண்டால், சிக்னல் 20 டெசிபெல்லோ அதற்கு மேலோ விழுந்துவிடும். கணுவை ஆறு ஏழு சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். திறனைக் கூட்டிப் பெறவே முடியாத அளவு முன்னேற்றம் இலவசமாகக் கிடைக்கக்கூடும். அதேபோல் ஆண்டெனாவை உலோகத் தகட்டோடு ஒட்டியோ, பேட்டரிக்குப் பின்னாலோ வைத்திருந்தால், மென்பொருளில் எந்த நிலையை அமைத்தாலும் அந்த இழப்பை ஒவ்வொரு பாக்கெட்டிலும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

தானாகச் சரிசெய்துகொள்ளும் கட்டுப்பாடு

ஒருமுறை அளந்து அமைத்த திறன் நிலைத்து நிற்காது. சாமான்கள் இடம் மாறும், ஆட்கள் வந்து போவார்கள், வெயிலில் காயும் பெட்டிக்குள் சூடு ஏறும்போது ரேடியோவின் வெளியீடும் உணர்திறனும் சேர்ந்து சில டெசிபெல் சரியும். ஆகவே கணு தன் திறனைத் தானே சரிசெய்துகொள்ள வேண்டும்.

அடிப்படை ஏற்பாடு எளிது. பெறுநரிடம் சிக்னல் எந்த அளவில் வந்தால் போதும் என்று ஒரு பட்டையை வகுத்துக்கொள்ளுங்கள். சிசி2420 போன்ற ரேடியோவில் −87 டிபிஎம்முக்கு மேலே சேர்ப்பு விகிதம் பொதுவாக நன்றாக இருக்கும் என்பதால், கீழ் எல்லையை −80 என்றும் மேல் எல்லையை −72 என்றும் வைப்பது நியாயமான தொடக்கம். சராசரி பட்டைக்கு மேலே இருந்தால் ஒரு படி இறங்கு, கீழே இருந்தால் ஒரு படி ஏறு, உள்ளே இருந்தால் எதையும் செய்யாதே. சராசரியை எடுக்க, பழைய மதிப்பில் எட்டில் ஏழு பங்கும் புதியதில் எட்டில் ஒரு பங்கும் சேர்த்தால் போதும். அதற்குப் பெரிய நினைவகமோ பின்னக் கணக்கோ தேவையில்லை.

பட்டையின் அகலம் சிப்பின் படி அளவைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். சிசி2420 சிப்பில் −10 இலிருந்து அடுத்த படி −15, அதற்கடுத்தது நேராக −25. கடைசிப் படி 10 டெசிபெல் அகலம். நம் பட்டையோ 8 டெசிபெல்தான். அங்கே கட்டுப்பாடு இறங்குவதும் ஏறுவதுமாக ஓயாமல் ஊசலாடும். கடைசிப் படியை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுவதே இதற்கு நேரான தீர்வு.

இறங்குவது நிதானமாகவும் ஏறுவது விரைவாகவும் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் கொஞ்சம் உரக்கப் பேசுவதால் ஆகும் செலவு சிறியது. இணைப்பு அறுந்தால் மறுஅனுப்பல், பாதை மாற்றம், மீண்டும் வலையமைப்பில் சேர்தல் என்று செலவு சங்கிலியாக நீளும். தொடர்ந்து 16 பாக்கெட்டுகள் பட்டைக்கு மேலே வந்த பிறகே ஒரு படி இறங்குங்கள். இரண்டு ஒப்புகைகள் அடுத்தடுத்துத் தவறினால் ஒரு படி ஏறுங்கள். நான்கு தவறினால் சராசரியையெல்லாம் மறந்துவிட்டு உச்சத்துக்குப் போங்கள். எண்களை உங்கள் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், இந்தச் சமச்சீரற்ற தன்மையை மட்டும் மாற்ற வேண்டாம்.

பெறுநரிடம் அளக்கப்பட்ட அளவு அனுப்புநருக்கு எப்படித் தெரியும்? 802.15.4 இன் சாதாரண ஒப்புகை 5 பைட் மட்டுமே உடையது, அதில் ஆர்எஸ்எஸ்ஐயைச் சுமக்க இடமில்லை. பயன்பாட்டு அடுக்கின் பதிலில் ஒரு பைட்டை ஒதுக்கி அனுப்பலாம். மேம்பட்ட ஒப்புகையை ஆதரிக்கும் அடுக்காக இருந்தால் அதனுள்ளேயே சேர்க்கலாம். இரண்டுக்கும் வழியில்லை என்றால், வந்த ஒப்புகையின் ஆர்எஸ்எஸ்ஐயை அதை அனுப்பியவரின் திறனிலிருந்து கழித்துப் பாதை இழப்பைக் கணிக்கலாம். பாதை இழப்பு இரு திசைக்கும் ஏறக்குறைய ஒன்றே. இரைச்சல் அப்படியல்ல என்பதால் இந்த வழியில் காப்பைச் சற்றுக் கூட்டி வையுங்கள்.

திறனை அண்டைக் கணு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அட்டவணையில் வைத்திருங்கள். எல்லோருக்குமான ஒலிபரப்புப் பாக்கெட்டுகள், அண்டையரைத் தேடும் பாக்கெட்டுகள், வலையமைப்பில் சேரும் கோரிக்கைகள் ஆகியவை எப்போதும் ஒரே நிலையான உயர்ந்த திறனில் போகட்டும். இவற்றையும் மாற்றிக்கொண்டே இருந்தால், வழித்தட நெறிமுறைக்கு அண்டையர் தோன்றுவதும் மறைவதுமாகத் தெரியும். அது பாதையை மாற்ற, திறன் கட்டுப்பாடு மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்க, இரண்டும் ஒன்றையொன்று துரத்தும். புதிய பெற்றோர்க் கணுவுக்கு (தன் பாக்கெட்டுகளை மேலே கடத்தும் அண்டைக் கணுவுக்கு) மாறிய பின் திறன் கட்டுப்பாடு பொறுமையாகத் தொடங்குவதே பாதுகாப்பு.

சேனல் விட்டுச் சேனல் மாறி அனுப்பும், அலைவெண் தாவும் நெறிமுறைகளில் ஒவ்வொரு சேனலிலும் சிக்னல் மங்கும் அளவு வெவ்வேறாக இருக்கும். பல சேனல்களின் ஒட்டுமொத்தச் சராசரியை மட்டும் பார்த்தால், ஒரு சேனல் முற்றிலும் செத்துப்போயிருப்பதே கண்ணில் படாது. சேனல்வாரியாகச் சேர்ப்பு விகிதத்தைப் பாருங்கள். செத்த சேனலைத் தாவல் பட்டியலிலிருந்து நீக்குவது, அதற்காகத் திறனைக் கூட்டுவதைவிட மலிவு.

இழப்புக்குக் காரணம் பலவீனம்தானா என்ற கேள்வியையும் கட்டுப்பாடு கேட்டுக்கொள்ள வேண்டும். ஆர்எஸ்எஸ்ஐ −65 என்று வலுவாக இருந்தும் பாக்கெட்டுகள் தொலைகின்றன என்றால், அது மோதல் அல்லது வெளிக் குறுக்கீடு. அந்த நிலையில் எல்லாக் கணுக்களும் திறனைக் கூட்டினால், ஒவ்வொன்றின் குறுக்கீட்டு எல்லையும் விரிந்து இழப்பு மேலும் கூடும். சேனலை மாற்றுங்கள், வைஃபையுடன் பெரும்பாலும் மோதாத 26 ஆம் சேனல் ஒரு வாய்ப்பு, ஆனால் சில கருவிகளில் அந்தச் சேனலில் மட்டும் உச்சத் திறன் குறைத்து வைக்கப்பட்டிருக்கும் என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடக்கிப் பேசும் கணுவுக்கும் ஓர் இடர் உண்டு: சேனல் காலியா என்று கேட்டுவிட்டு அனுப்பும் முறையில், அதன் மெல்லிய குரல் தூரத்துக் கணுவின் காதில் விழாது; சேனல் காலி என்று நினைத்து அந்தக் கணு குறுக்கே பேசிவிடும். நெரிசலான வலையமைப்புகளில் கணுக்களுக்கிடையே திறன் வேறுபாட்டை மிக அதிகமாக விட்டுவிடாமல் இருப்பது இதனால்தான்.

லோராவானிலும் புளூடூத்திலும்

நெடுந்தூர, குறைவேக வலையமைப்பான லோராவானில் திறனைவிடக் காற்றில் இருக்கும் நேரமே பெரிய செலவு. பரவல் காரணி (எஸ்எஃப்; இது கூடக்கூட வேகம் குறைந்து எட்டும் தூரம் கூடும்) ஒரு படி ஏறினால் அனுப்பு நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதனால்தான் ஏடிஆர் எனப்படும் தகவமைப்பு முறையில், சேவையகம் முதலில் வேகத்தைக் கூட்டிவிட்டு, அதற்குப் பிறகும் காப்பு மிஞ்சினால் மட்டுமே திறனைக் குறைக்கிறது. பரவலாகப் பின்பற்றப்படும் வழிமுறை இது: கடைசி 20 பாக்கெட்டுகளில் மிகச் சிறந்த சிக்னல்-இரைச்சல் விகிதத்தை எடு, தற்போதைய பரவல் காரணிக்குத் தேவையான அளவையும் 10 டெசிபெல் காப்பையும் கழி, மீதியில் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் ஒரு படி நகர். எஸ்எஃப்10 இல் சிறந்த விகிதம் +2 டெசிபெல் என்றால், தேவையான அளவு −15 என்பதால் மீதி 7. இரண்டு படிகள் நகர்ந்து எஸ்எஃப்8 க்கு வரலாம். அனுப்பு நேரம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும்.

மிகச் சிறந்த மதிப்பையே எடுப்பதால் இந்தக் கணக்கு சற்று நம்பிக்கை மிகுந்தது என்பது என் கருத்து. சிக்னல் அதிகமாக ஏறி இறங்கும் இடத்தில் காப்பை 15 ஆக உயர்த்துவது நல்லது. நகரும் கருவிகளில் சேவையகத்தின் ஏடிஆரை அணைத்துவிடுங்கள். அது எப்போதும் கருவி இருந்த பழைய இடத்துக்கான பதிலையே தரும். கேட்வேயிலிருந்து பதிலே வராமல் 64 பாக்கெட்டுகள் கடந்தால் கருவி பதில் கேட்க வேண்டும், அடுத்த 32 பாக்கெட்டுகளுக்குள்ளும் வராவிட்டால் திறனையும் பின்னர் எட்டும் தூரத்தையும் படிப்படியாக உயர்த்த வேண்டும் என்ற ஏற்பாடு தரநிலையிலேயே இருக்கிறது. சொந்தமாக நெறிமுறை எழுதுபவர்களும் இதைப் போன்ற ஒரு மீட்பு வழியை வைத்தே ஆக வேண்டும்.

புளூடூத்தில் 5.2 பதிப்பு முதல், இணைப்பின் இரு முனைகளும் ஒன்றையொன்று திறனைக் கூட்டவோ குறைக்கவோ கேட்டுக்கொள்ளும் வசதி இருக்கிறது. இது இணைப்பு ஏற்பட்ட பிறகே பயன்படும். இணைப்புக்கு முன் கருவி தன் இருப்பை அறிவிக்கும் விளம்பரப் பாக்கெட்டுகளின் திறனை நீங்களே அமைக்க வேண்டும்.

பேட்டரி தரும் எல்லை

நாணய வடிவ பேட்டரிகளில் உள்ளக மின்தடை அதிகம். பழசாகும்போதும் குளிரிலும் அது மேலும் கூடும். பெரிய மின்னோட்டத்தை ஒரே அடியாக இழுத்தால் மின்னழுத்தம் சட்டென்று விழுந்து சிப் மீண்டும் தொடங்கிவிடும். தொடங்கிய கணு வலையமைப்பில் சேர உச்சத் திறனில் அனுப்பும், மின்னழுத்தம் மறுபடி விழும், மறுபடி தொடங்கும். இந்தச் சுழலில் சிக்கிய கணு, கொள்ளளவு இன்னும் மீதமிருக்கும் பேட்டரியையும் சில மணி நேரத்தில் காலி செய்துவிடக் கூடும். பேட்டரிக்கு இணையாக, கசிவு குறைந்த ஒரு மின்தேக்கியை வையுங்கள். ஓய்வில் அல்லாமல் அனுப்பிய உடனேயே மின்னழுத்தத்தை அளந்து, அது குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால் உச்சத் திறனை ஒரு படி தாழ்த்திக்கொள்ளும் விதியை ஃபர்ம்வேரில் எழுதுங்கள். மீண்டும் தொடங்கியதற்கான காரணத்தைச் சிப்பின் ரெஜிஸ்டரிலிருந்து படித்து, அது மின்னழுத்தச் சரிவாக இருந்தால், அடுத்த சேர்க்கை முயற்சிக்கு முன் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குங்கள். களத்தில் நிறுவும் முன், மேசையிலேயே முழு பேட்டரிக்குப் பதிலாகப் பாதி தீர்ந்த ஒன்றைப் பொருத்தி, கேட்வேயை அணைத்துவிட்டு, கணு இந்த விதிகளின்படி அடங்கிக் காத்திருக்கிறதா என்று ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள்.